மூலையில் நின்றவள்

ஜன்னல் ஓரம் நீயே இரு தாயி. எனக்குக் காத்து ஆகாது. இன்னைக்குப் பாத்துத் தொண்டை கட்டிக்கிட்டுன்னா குடி கெட்டுப் போகும். பையை மட்டும் உன் காலுகிட்டக் கொஞ்சம் தள்ளிக்கிடுதேன். மெதுவா, மெதுவா. உள்ள பட்டுச்சேலை இருக்கு, பனங்கற்கண்டு இருக்கு, எம் மகனுக்குச் சுசியம் இருக்கு.

மதுரைக்கா? நானும் மதுரைதான். கோவில்பட்டியில ஏறுனதுல இருந்து பாக்கேன், உனக்குப் போன் வருது, நீ கட் பண்ணுத, மறுபடி வருது, மறுபடி கட் பண்ணுத. நல்ல பழக்கம். பஸ்ஸுல உக்காந்து ஊருக்கே கேக்க வீட்டுக் கதை பேசுறவுகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. கண்ணு ஏன் இப்படிச் சிவந்து கெடக்கு? தூசிதான். பைபாஸ்ல வேலை நடக்குல்லா, எல்லாம் மண்ணாப் பறக்கு. கசக்காத, கசக்குனா இன்னும் சிவக்கும்.

நான் அதிகம் பேசுற ஆளு கெடையாது. எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. ஆனா இன்னைக்கு மட்டும் கொஞ்சம் பேசிக்கிடுதேன், நீ தப்பா எடுத்துக்கிடக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் வாயே தெறக்கக் கூடாது. எம் மகன் உத்தரவு. மேடையில ஏழு நிமிஷம், நூத்தம்பது பேருக்கு முன்னால, ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருக்கணும். பேசிட்டேன்னு வையி, அவன் பாட்டும் போச்சு, ரெண்டு வருஷப் பாடும் போச்சு. அதான் உள்ள இருக்கதை எல்லாம் வழியிலயே எறக்கி வச்சிருவோம்னு பாக்கேன். காலி வயித்தோட போற மாதிரி.

எம் பேரு செண்பகவல்லி. மகன் பேரு இன்பராஜ். பாட்டுக்காரன். நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட, ஏன்னா அந்தப் பேருல அவன் பாடல. 'தனியறை'ன்னு பேரு வச்சிருக்கான். மனுசனுக்குப் பேரு தனியறை! எங்க வீட்ல இருக்கதே ரெண்டு அறை. அதுல ஒண்ணுல அவன். அவன்கூடவே அரிசி மூட்டை, கிரைண்டரு, எங்க நாத்தனா குடுத்த பித்தளை அண்டா. ஒரு நாளைக்கு நாப்பது தடவை நான் உள்ள போயிட்டு வாரேன். அது எங்கருந்து தனியறை ஆச்சுன்னு நீயே சொல்லு.

அவன் பாட்டு எப்படி இருக்கும்னு கேட்டா என்னத்தைச் சொல்ல. மழை வாரதுக்கு முன்ன ஒரு இறுக்கம் இருக்கும்லா, இலைகூட அசையாது, அந்த மாதிரி ஒரு சத்தம் பின்னால ஓடிக்கிட்டே இருக்கும். தாளம் கெடையாது. மேசை மேல ஒரு பெட்டி, அதுல பத்துப் பதினஞ்சு குமிழு, கருப்பு வெள்ளைக் கட்டை கொஞ்சம், மிச்சமெல்லாம் வயரு. குமிழைத் திருகத் திருக அந்த இறுக்கம் கூடும், கொறையும். அதுக்கு நடுவுல இவன் பாடுவான், பக்கத்து வீட்ல யாரோ தூங்குறாக, எழுப்பிறக் கூடாதுங்கிற மாதிரி. எழுதுறதும் இவன், மெட்டுப் போடுறதும் இவன், வாசிக்கதும் இவன், பாடுறதும் இவன். கல்யாண வீட்ல சமையலும் ஒரே ஆளு, பந்தி விசாரணையும் ஒரே ஆளுன்னா நல்லாவாம்மா இருக்கும்? கூட ரெண்டு பேரைச் சேத்துக்கோடா, ஒரு தபேலாவாவது வச்சுக்கோடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். காதுல ஹெட்போனு, அந்தக் கருப்புக் குமிழை மாட்டியிருந்தான். கேக்கல.

சரி, பாடுறான், பாடிட்டுப் போறான். ஆனா அதுல என்ன பாடுறான்னு பாத்தியா, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மொதப் பாட்டு, 'கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை'ன்னு ஆரம்பிக்கான். எந்தக் கதவு? எங்க வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கெடையாது. விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இவன்தான் ஆளைக் கூட்டிட்டு வாரேன் கூட்டிட்டு வாரேன்னு இழுத்துக்கிட்டு இருக்கான். தள்ளுனா தெறந்துக்கிடும். ரெண்டாவது பாட்டுல 'பசித்த மாலைகள்'னு வருது. பசியாம்லா! சாயங்காலம் நாலு மணி ஆயிட்டா ஒரு நாளு பணியாரம், ஒரு நாளு சுசியம், ஒண்ணுமில்லாட்டி அவலாவது நனைச்சுக் குடுத்திருக்கேன். எதிர்த்த வீட்டுக்காரி அந்தப் பாட்டைப் போன்ல கேட்டுட்டு, 'ஏன்க்கா, பிள்ளைக்கு நேரத்துக்குச் சோறு போடுறதில்லையா'ங்கா. எனக்கு எப்படி இருக்கும்?

இவனைப் பிடிச்சு உக்கார வச்சுக் கேட்டேன். 'அது உள்மனசும்மா'ன்னான். 'உள்மனசுக்கும் சேத்துத்தானடா நாலு பணியாரம் கூடச் சுட்டேன்'னேன். எந்திரிச்சுப் போயிட்டான்.

இந்தா, சாத்தூர் வந்துட்டு. ஏதோ சொல்ல வந்தியே? சேவு வேணுமா? ஏய்யா, சேவு இங்க குடுய்யா ரெண்டு. இந்தா பிடி. சாப்பிடு. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. நான் சாப்பிட மாட்டேன், எண்ணெய்ப் பண்டம், தொண்டை கரகரன்னு ஆயிரும்.

எதுல விட்டேன்? ஆங், மூணாவது பாட்டு. அதை எங்க நாத்தனாதான் போன்ல அனுப்புனா. அனுப்பிட்டு அவளே கூப்பிட்டு, 'மதினி, பாட்டைக் கேட்டீகளா? நம்ம இன்பா யாரோ ஒரு பிள்ளையை நெனச்சுல்லா பாடியிருக்கான்'ங்கா. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பேனா எடுத்து எழுதியே வச்சுட்டேன்.

'மூலையில் நிற்பவளே, தொட்டால் குளிர்பவளே, நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு முனகல் ஒன்றே பதிலாய்த் தருபவளே.'

இப்படிப் போகுது. எனக்கு நெஞ்சு திக்குன்னு இருந்துச்சு. காதலிக்கான்னு இல்லை, அது காலம் அப்படி. பிள்ளையோட அடையாளத்தைப் பாரேன். மூலையிலயே நிக்கி. தொட்டா சில்லுன்னு இருக்கு. கேட்டா முனகுது. நல்லா இருக்க பிள்ளை எதுக்கும்மா மூலையில நின்னு முனகணும்? நாத்தனாளும் நானும் ஒரு மணி நேரம் பேசி முடிவு கட்டிட்டோம். ரத்தசோகை. அவ தைராய்டுன்னா. நான் ரத்தசோகைதான்னு நின்னேன். உடம்பு குளிர்ந்து கெடக்கே!

சிரிக்காத. நீயா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்ப.

நான் நேராக் கேக்கல. பக்குவமாக் கேக்கணும்லா. அவன் மேசையில உக்காந்து குமிழைத் திருகிக்கிட்டு இருந்தான். பக்கத்துல போயி, 'அந்தப் பிள்ளைக்கு இப்ப உடம்புக்குத் தேவலையாடா?'ன்னேன். 'ம்'ன்னான். ம்முன்னுட்டான் தாயி! காதுல மாட்டியிருந்தானான்னு நான் பாக்கல. 'நம்ம வீட்டுக்கு வந்தா நான் நல்லாப் பாத்துக்கிடுவேன்னு சொல்லு'ன்னேன். அதுக்கும் 'ம்'. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. எனக்கு இவன் ஒத்தைப் பிள்ளை, அவ சீக்காளியா இருந்தாலும் அவன் மனசுக்குப் பிடிச்சவ. சாதி என்னன்னுகூட நான் கேக்கல, பாத்துக்கோ. நாத்தனா கேட்டா. நான் கேக்கல.

சரி, பிள்ளை வரப்போகுது, வீட்டைக் கொஞ்சம் நேர்சீராக்கணும்லா. சுவத்துக்கு வெள்ளை அடிச்சேன். முருங்கைக்கன்னு ஒண்ணு வாங்கிக் கொல்லையில வச்சேன், ரத்தத்துக்கு நல்லது. அடுப்படியைப் பாத்தேன். அங்க நிக்கி எங்க பிரிட்ஜ். இருபத்திநாலு வருஷத்துப் பிரிட்ஜ். அவுக வாங்குனது, இன்பா அப்பா. அடுப்படி மூலையில அவுக கொண்டுவந்து நிறுத்துன எடத்தை விட்டு ஒரு இஞ்சு நகரல. கதவு ஓரமெல்லாம் துரு. மருந்து, பழம், ஒண்ணை உள்ள வச்சா மறுநாளு ஈரமாக் கெடக்கும். அப்புறம் அந்தச் சத்தம். 'உம்ம்ம்ம்'னு ஓயாம. அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒருக்கா உள்ள எதுவோ 'டுக்'குன்னு குலுங்கும். சீக்காளிப் பிள்ளை வார வீட்ல மருந்து மாத்திரை வைக்கவாவது நல்ல பிரிட்ஜ் வேண்டாமா?

பஜார்ல ஒரு கடையில பழசைக் குடுத்துப் புதுசு எடுக்கலாம்னு ஆஃபர் போட்டிருந்தான். இன்பா கச்சேரி விஷயமாப் பேச மதுரைக்குப் போயிருந்தான், ரெண்டு நாளு. அதுக்குள்ள வேலையை முடிச்சுப் போட்டேன். ரெண்டு ஆளுக வந்தாக. பிளக்கைப் பிடுங்குனதும் வீடு அப்படியே அடங்கிப் போச்சு. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஒடனே அந்த ஆளுககிட்ட, எந்த ஊரு, எத்தனை பிள்ளைகன்னு பேச ஆரம்பிச்சுட்டேன். புதுசு வந்து நின்னுச்சு. பளபளன்னு, செவப்புல பூப்போட்டது. சத்தமே கெடையாது. ஓடுதா ஓடலையான்னு கதவைத் தெறந்து லைட்டு எரியுதான்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடணும்.

அவன் வந்தான். தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போனான். போனவன் வரல. எட்டிப் பாக்கேன், அந்த மூலையையே பாத்துக்கிட்டு நிக்கான். மெதுவாப் போயி புதுப் பிரிட்ஜ் மேல காதை வச்சான், டாக்டர் நெஞ்சுல வச்சுப் பாக்க மாதிரி. பெறவு என்னையப் பாத்து, 'அம்மா, அது எங்க?'ன்னான்.

'எதுடா?'

'அதும்மா. மூலையில நின்னது.'

'பழசு எதுக்குடா, வரப்போற பிள்ளைக்குத்தான் புதுசு எடுத்தேன்'னேன். 'எந்தப் பிள்ளை?'ன்னான். 'அதான், மூலையில நின்னு முனகுதுன்னு பாடுனியே, அந்தச் சீக்காளிப் பிள்ளை'ன்னேன்.

அவன் என்னையப் பாத்த பார்வை இருக்கே. கோவமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அப்படியே முக்காலியில உக்காந்துட்டான். அது அவுக அப்பா உக்காருற முக்காலி. 'அம்மா, அந்தப் பிள்ளையைத்தான் நீ ஆஃபர்ல குடுத்திருக்க'ன்னான்.

நீ சிரி. சிரிக்க வேண்டிய எடந்தான். நான் அன்னைக்குச் சிரிக்கல.

பெறவு ஒவ்வொண்ணாச் சொன்னான். அவன் பாட்டு அத்தனைக்கும் அந்த 'உம்ம்ம்'தான் சுருதியாம். மத்தவுகளுக்குச் சுருதிப் பெட்டி, இவனுக்குப் பிரிட்ஜ். சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு மைக்கு, அதை ஓரத்துல ஒட்டி வச்சுச் சத்தத்தைப் பிடிப்பானாம். நான்கூட ஒரு நாளு பாத்து, ஏதோ பூச்சிக் கூடுன்னு நெனச்சு விளக்கமாத்தால தட்டி விட்டிருக்கேன். 'சரி, பிடிச்சதுதான் இருக்குல்லடா, அதை வச்சுப் பாடு'ன்னேன். கம்ப்யூட்டரைத் தெறந்து காமிச்சான். பதினேழு பதிவு வச்சிருக்கான். ஒவ்வொண்ணாப் போட்டான். பதினேழுலயும் நான் பேசிக்கிட்டு இருக்கேன்.

பால்காரனைப் பத்தி ஒண்ணு. எதிர்த்த வீட்டுக்காரி மாவு வாங்கிட்டுப் போனதைப் பத்தி ஒண்ணு. ஒண்ணுல நான் தனியாத்தான் இருக்கேன், உளுந்துகிட்டப் பேசுறேன். இத்தனை நாளும் நான் மூச்சு வாங்குற எடமாப் பாத்துப் பாத்து வெட்டி எடுத்து, ஒட்டு ஒட்டாப் போட்டுப் பாட்டுப் பண்ணியிருக்கான். சின்னப் பாட்டுக்கு அது போதுமாம். மதுரைக் கச்சேரிக்குப் பெரிய பாட்டு ஒண்ணு எழுதி வச்சிருக்கான், ரெண்டு வருஷமா எழுதுனது, ஏழு நிமிஷம். அதுக்கு ஒட்டுப் போடாத சத்தம் வேணும். எங்க சித்தி மகன் கல்யாணத்துக்கு நான் போன முகூர்த்தத்துல விருதுநகர் போக இருந்தேன்லா, அன்னைக்குப் பிடிச்சுக்கிடலாம்னு காத்துக்கிட்டு இருந்திருக்கான். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேசாம இருந்திருக்க மாட்டேனா?

கம்ப்யூட்டர்லயே அந்தச் சத்தத்தைச் செஞ்சு பாத்தான். எனக்குப் போட்டுக் காமிச்சான். அதே மாதிரிதான் இருந்துச்சு. 'இல்லம்மா, இது யாரும் இல்லாத சத்தம்'னு அழிச்சுட்டான். பெறவு மூணு நாளு பேசல. முன்னயும் அதிகம் பேச மாட்டான், ஆனா அது வேற. இது வேற. சோத்தைப் பிசைஞ்சு வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவான். கச்சேரியைக் கேன்சல் பண்ணிறப் போறேன்னு யார்கிட்டயோ போன்ல சொன்னதை இந்தக் காதால கேட்டேன். நான் பண்ணுன வேலை, எம் பிள்ளை தலையில விடியுது.

கெளம்பிட்டேன். கடைக்குப் போயி விசாரிச்சா, பழசெல்லாம் பிரிட்ஜ் மெக்கானிக் பால்துரை ஷெட்டுக்குப் போயிரும்னாக. ரயில்வே கேட்டுப் பக்கம். போயிப் பாத்தா, ஷெட்டு முழுக்கப் பிரிட்ஜ், வரிசையா, பள்ளிக்கூடத்துல பிள்ளைக நிக்க மாதிரி. எங்களுதைக் கண்டுபிடிச்சுட்டேன், கதவுல நான் ஒட்டுன முருகன் படம் இருந்துச்சு. ஆனா பின்னால பாத்தா ஓட்டை. கம்ப்ரஸரைக் கழட்டி ஒரு ரோஸ்மில்க் கடைப் பெட்டிக்கு மாட்டிட்டானாம். 'அதைத் திருப்பி மாட்டுய்யா'ன்னேன். 'மாட்டுனாலும் அந்தச் சத்தம் வராதுக்கா. பழைய பாடியோட, நிக்க தரையோட, உங்க வீட்டுச் சுவத்தோட சேந்தது அது. ஒரு தடவை பிரிச்சா போச்சு'ங்கான்.

நான் விடுவேனா? 'இத்தனை பிரிட்ஜ் வச்சிருக்கியே, அதே மாதிரி முனகுறது ஒண்ணாவது இருக்கும், ஒவ்வொண்ணா ஓட்டிக் காமி'ன்னேன். 'எந்த மாதிரிக்கா?'ன்னான். 'இந்த மாதிரி'ன்னு சொல்லிட்டு நான் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காமிச்சேன். வாயை மூடிக்கிட்டு, 'உம்ம்ம்ம்'னு. நடுவுல 'டுக்'குன்னு அந்தக் குலுக்கல் வரைக்கும்.

பால்துரை நல்ல மனுசன். போன்ல அதைப் பிடிச்சுக்கிட்டான், ஒத்துப் பாக்க. அப்படியே இன்பா நம்பரைக் கேட்டு அவனுக்கும் அனுப்பி, 'தம்பி, இந்தச் சத்தமா பாருங்க'ன்னு போட்டான். ஒரு நிமிஷம் ஆகல, பதில் வருது. 'இதேதான்! அதை அசைக்காதீங்க! பிளக்கைப் பிடுங்கிறாதீங்க! வந்துக்கிட்டே இருக்கேன்!'

பால்துரைக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துட்டு. பத்து நிமிஷத்துல எம் மகன் வாரான், சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு, வண்டி ஸ்டாண்டைக்கூடப் போடாம. 'எங்க? எங்கண்ணே?'ங்கான். பால்துரை கையைக் காமிச்சான். நான் கவுத்திப் போட்ட பால் பாக்கெட் பெட்டி மேல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன்.

'இதுதான் தம்பி. முருகன் படம் ஒட்டல, அம்புட்டுத்தான்.'

இன்பா கீழ தரையிலயே உக்காந்து சிரிச்சான் தாயி. அவுக அப்பா போன பெறவு அவன் அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. எட்டு வருஷம் ஆச்சு.

இருபத்திநாலு வருஷம் அதுகூட ஒரே அடுப்படியில நின்னிருக்கேன். காய் நறுக்கும்போதும் மாவு சலிக்கும்போதும் என்னையறியாம அதுகூடச் சேந்து முனகியிருக்கேன் போல. எப்பன்னு எனக்கே தெரியல. நான் பேசாத நேரமும் இருந்திருக்கு, பாத்துக்கோ!

மறுநாளே என்னைய அவன் அறையில உக்கார வச்சு மைக்கை வச்சுட்டான். எங் காதுல அந்தக் கருப்புக் குமிழு. ஏழு நிமிஷம் முனகணும், மூச்சு வாங்குறது கேட்டாப் பரவாயில்ல, பேச மட்டும் கூடாது. இதென்னடா பெரிய வித்தைன்னேன். மொதத் தடவை ரெண்டாவது நிமிஷத்துல, 'பால் பொங்குதுடா'ன்னுட்டேன். பொங்கத்தானே செஞ்சுச்சு? ரெண்டாவது தடவை பல்லி விழுந்துச்சு. மூணாவது தடவை ஒண்ணுமே இல்ல, 'நான் பேசலல்ல?'ன்னு நானே கேட்டுட்டேன். இப்படிப் பதினோரு தடவை. பன்னெண்டாவது தடவை மைக்கை இன்னும் கிட்டத்துல தள்ளி வச்சான். 'அம்மா, சும்மா முனகுறது கஷ்டமா இருந்தா என் பாட்டைக் கேட்டுக்கிட்டே முனகு'ன்னு பாட்டைக் காதுல போட்டு விட்டான்.

இதுவரைக்கும் அவன் பாட்டு எதையும் நான் முழுசாக் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லுதேன். மொத ரெண்டு வரி வந்ததும் அதுல தப்பு இருக்கும், அதைச் சொல்ல ஆரம்பிச்சிருவேன். மிச்சப் பாட்டு அடியில ஓடிப் போயிரும். அன்னைக்கு வாயைத் தெறக்க முடியாதுல்லா, உக்காந்து கேட்டேன். கடைசியில இப்படி வருது.

'இரண்டு பேர் பேச்சை ஒருத்தி பேசுகிறாள். இடையில் நின்றால் அவர் இல்லாதது கேட்டுவிடும். நான் பேசவில்லை. நான் பேசினால் அவளுக்கு அழ நேரம் கிடைத்துவிடும்.'

இதுலயும் தப்பு இருக்கு. நான் எங்க அழுதேன்? அவுக காரியத்தன்னைக்குக்கூட வந்தவுகளுக்கு எல்லாம் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டு நின்னவ நான். அவுக இருக்கும்போது நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவாக. சாயங்காலம் வந்து பிரிட்ஜைத் தெறந்து, மொகத்துல அந்தக் குளிரை வாங்கிக்கிட்டு, முக்காலியில உக்காந்து நான் சொல்லுறதுக்கு உம் கொட்டுவாக. அம்புட்டுத்தான் அவுக பேச்சு. எல்லாரும் கெளம்பிப் போன அன்னைக்கு வீட்ல அந்தப் பிரிட்ஜ் மட்டும் 'உம்'முன்னுக்கிட்டு இருந்துச்சு. அதைக் கேக்கக் கூடாதுன்னுதான் நான் கொஞ்சம் பேச ஆரம்பிச்சேன். கொஞ்சந்தான்.

நான் கேக்கக் கூடாதுன்னு இருந்ததைத்தான் அந்தப் பய மைக்கு வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்.

அன்னைக்கு ஏழு நிமிஷமும் முனகிட்டேன். முடிஞ்சதும் காதுல இருந்ததைக் கழட்டி மேசையில வச்சுட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன். மூக்கு ஒழுகுச்சு. தூசி.

பதிவு நல்லா வந்திருக்கு, இது போதும், நீ வீட்ல இரும்மான்னான். அது எப்படி? எங் குரலு மட்டும் மதுரைக்குப் போகும், நான் வீட்ல கெடக்கணுமா? நானும் மேடைக்கு வருவேன்னு ஒத்தக்கால்ல நின்னேன். ரொம்ப யோசிச்சுத்தான் சரின்னான். ஒரே நிபந்தனை, உக்காந்து முனகணும், பேசக் கூடாது. கருப்புல சேலை கட்டுன்னான். நல்ல நாளு அதுவுமாக் கருப்பா? அரக்குப் பட்டு எடுத்து வச்சிருக்கேன், அங்க போயிக் கட்டிக்கிட்டுன்னா அவன் என்ன பண்ணிருவான்? நேத்தே சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு மதுரைக்குப் போயிட்டான். காலையில போன் பண்ணி, 'தண்ணி குடிச்சுக்கோ, பஸ்ஸுல தொண்டையை வேஸ்ட் பண்ணாத'ன்னான். எங்க வேஸ்ட் பண்ணுறேன்? கோவில்பட்டியில இருந்து இப்ப வரைக்கும் நாலு வார்த்தை பேசியிருப்பேனா?

பயமா இருக்கு தாயி. வெளையாட்டுக்குச் சொல்லல. வீட்ல பன்னெண்டு தடவை போட்டான். மேடையில ஒரே தடவைதான். அவன் பாடிக்கிட்டு இருக்கும்போது நான் பாட்டுக்கு, 'நிமிந்து உக்காருடா'ன்னுட்டேன்னா?

இது எந்த ஊரு? திருமங்கலமா? சரி, ஒரு உதவி பண்ணு. உன் போன்ல மணி பாரு. ஏழு நிமிஷம். நடுவுல நான் எதாவது சொன்னேன்னா என் தொடையில நறுக்குன்னு கிள்ளிரு, வயசைப் பாக்காத. கண்டக்டர் வந்தாலும் பேச மாட்டேன், நீ சொல்லிக்கோ. பாத்துட்டியா? ஆரம்பிக்கட்டா?

உம்ம்ம்ம்ம்ம்ம்ம்.

எத்தனை ஆச்சு? ஏழா? ஏழுக்கு மேலயா! கிள்ளவே இல்லையே நீ. நான் பேசலல்ல? முன்சீட்டு ஐயா திரும்பித் திரும்பிப் பாத்தாரு, டோல்கேட்டுல அந்தக் கார்க்காரன் குறுக்க வந்தான், நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். நெசமாவே பேசல. இன்பாட்டச் சொல்லணும்.

ஏன் தாயி, ஒண்ணு கேக்கட்டா?

சும்மா இருந்தேன்ல, அப்ப நீ மூக்கை உறிஞ்சுறது கேட்டுச்சு. நாலு தடவை. உன் போனு மடியில கெடந்து துடிக்கதும் கேட்டுச்சு. சேவுப் பொட்டணத்தை நீ பிரிக்கவே இல்லை. சாத்தூர்ல நீ ஏதோ சொல்ல வந்தது சேவுக்கு இல்லதானே.

அது தூசியும் இல்ல.

மாட்டுத்தாவணி வர இன்னும் இருபது நிமிஷம் கெடக்கு. சொல்லு. பேர்ல இருந்து ஆரம்பி, நான் அதைக்கூடக் கேக்கல பாரு. குறுக்கப் பேச மாட்டேன். சத்தியமா.

ம்.

ம்ம்.